பிள்ளையின் குணம் எங்கிருந்து வருகிறது? பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் என்ற ஊரில் பாலர் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். காலையில் பிள்ளையை விட வரும் அம்மாக்களும், மதியம் மோட்டார் சைக்கிளில் ஏற்றிப்போக வரும் தாத்தாக்களும் வாசலில் நின்று கேட்கும் கேள்விகள் இவை. அந்த அவசரத்தில் பாதி பதில்தான் சொல்ல முடிகிறது. மீதியை இங்கே நிதானமாக எழுதியிருக்கிறேன். சில கேள்விகளுக்கு நீளமான பதில் தேவைப்பட்டது, சிலவற்றுக்கு நாலு வரி போதும்.

டீச்சர், குணம் பிறவியிலேயே வருவதா, நாம் வளர்க்கிற விதத்தில் வருவதா?

இரண்டும்தான். மழுப்புவதற்காகச் சொல்லவில்லை, அளந்து பார்த்துக் கண்ட பதில் இது. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர்களையும், தனித்தனிக் கருவில் உருவான இரட்டையர்களையும் ஒப்பிட்டு, எது பரம்பரை, எது சூழல் என்று பார்க்கும் ஆய்வுகள் பல பத்தாண்டுகளாக நடந்து வருகின்றன. அப்படிப்பட்ட 2,700க்கும் மேற்பட்ட ஆய்வுகளை 2015ல் ஒன்றாகத் திரட்டினார்கள். ஏறக்குறைய 1 கோடியே 45 லட்சம் இரட்டையர் ஜோடிகளின் விவரம் அதில் இருந்தது. உடல், மனம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தபோது, ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசத்தில் சுமார் பாதி பரம்பரையிலிருந்து வருகிறது என்று தெரிந்தது.

பாதி என்றவுடன், என் மகனில் பாதி நான், மீதி பள்ளிக்கூடம் என்று கணக்குப் போட்டுவிடாதீர்கள். ஒரு கூட்டத்தில் மனிதர்கள் ஏன் ஒருவருக்கொருவர் வேறுபடுகிறார்கள் என்பதற்கான கணக்கு அது. ஒரு தனிப் பிள்ளையை அப்படிப் பங்கு பிரிக்க முடியாது.

பால்மரம், அதாவது ரப்பர் மரம், தெரிந்த ஊர் என்பதால் இப்படிச் சொல்கிறேன். ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்ற ரப்பர் இனத்து ஒட்டுக்கன்றை எந்தத் தோட்டத்தில் நட்டாலும் இனம் ஒன்றுதான். ஆனால் பாறை மேட்டில் நட்ட மரமும் நல்ல மண்ணில் நட்ட மரமும் ஒரே அளவு பால் தராது. பழகாத கை கத்தியை ஆழமாகப் போட்டு மரத்தைக் காயப்படுத்திவிட்டால், நல்ல இனத்து மரத்திலும் பட்டை முண்டு முண்டாகப் புடைத்துக்கொள்ளும். இனம், மண், வெட்டுகிற கை மூன்றும் சேர்ந்துதான் பால் பிடிக்கும் மங்கில் பால் விழுகிறது.

"அப்படியே அவங்க அப்பன்தான்", "மூல நட்சத்திரம், அதான் இந்தப் பிடிவாதம்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்கிறார்கள். உண்மையா?

அப்பாவின் சாயல் இருக்கலாம், அது இயற்கை. ஜாதகம் பார்ப்பது உங்கள் குடும்பத்து நம்பிக்கை, அதில் நான் தலையிடவில்லை. ஆனால் எதையும் பிள்ளையின் காதுபடச் சொல்லாதீர்கள். ஐந்து வயதுப் பையன் ஒருவன் என்னிடம், "நான் மொரடன் டீச்சர், எங்க தாத்தா மாதிரி" என்றான். அந்த வயதில் தானாக யோசித்துச் சொல்லக்கூடிய வார்த்தையா அது? பெரியவர்கள் வைத்த பெயருக்கு ஏற்றபடி நடக்கப் பிள்ளை பழகிக்கொள்கிறது. நடந்த காரியத்தை மட்டும் சொல்லுங்கள்: "தம்பியத் தள்ளிட்டே, அவனுக்கு வலிக்குது பாரு." அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

என் மகள் யாரிடமும் பேசமாட்டாள், கூட்டத்தைக் கண்டால் என் பின்னால் ஒளிந்துகொள்வாள். நான் வளர்த்தது சரியில்லையா?

இல்லை அம்மா. பல பிள்ளைகள் அப்படியே பிறக்கிறார்கள். அலெக்சாண்டர் தாமஸ், ஸ்டெல்லா செஸ் என்ற மனநல மருத்துவத் தம்பதி 1956ல் நியூயார்க்கில் ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். நூற்று முப்பதுக்கும் மேற்பட்ட குழந்தைகளைக் கைக்குழந்தைப் பருவத்திலிருந்து பெரியவர்களாகும் வரை தொடர்ந்து கவனித்தார்கள். 100க்கு 40 குழந்தைகள் எதற்கும் சுலபமாகப் பழகிக்கொண்டார்கள். 10 குழந்தைகள் தூக்கம், சாப்பாடு, அழுகை எல்லாவற்றிலும் வீட்டாரைப் படுத்தினார்கள். 15 குழந்தைகள் புதிய இடம், புதிய முகம் என்றால் ஒதுங்கி நின்று, மெதுவாகத்தான் ஒட்டினார்கள். மற்றவர்கள் கலவை. உங்கள் மகள் அந்தப் பதினைந்தில் ஒருத்தி.

அந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் வேறு. எந்தச் சுபாவத்தோடு பிறந்தது என்பதை மட்டும் வைத்து, அந்தப் பிள்ளை பின்னால் கஷ்டப்படுமா, நன்றாக இருக்குமா என்று சொல்லிவிட முடியவில்லை. பிள்ளையின் சுபாவமும் சுற்றியிருப்பவர்களின் எதிர்பார்ப்பும் எவ்வளவு பொருந்திப் போகின்றன என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டியிருந்தது.

எங்கள் வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். பள்ளி திறந்த முதல் வாரம் ஒரு சிறுமி கதவு நிலையைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள். அழவில்லை, உள்ளேயும் வரவில்லை. முதுகிலிருந்த பையைக் கழற்றவில்லை. ஆனால் கண் எங்கள் கையை விட்டு நகரவே இல்லை. நாங்கள் களிமண் உருட்டினால் அவள் விரல்களும் சும்மாவே உருட்டின. ஒரு குட்டி நாற்காலியை வாசல் பக்கம் போட்டு, கொஞ்சம் களிமண்ணை அதன் மேல் வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் வந்துவிட்டேன். சற்று நேரத்தில் எடுத்து உருட்ட ஆரம்பித்தாள். நாளுக்கு நாள் நாற்காலியைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே நகர்த்தினோம். மாதக் கடைசியில் மற்றப் பிள்ளைகளின் மேசைக்கே வந்துவிட்டாள். இன்றும் அவள் முதல் ஆளாகக் கை தூக்கமாட்டாள். தூக்கத்தான் வேண்டும் என்று என்ன இருக்கிறது?

திருமண மண்டபத்தில் "மாமாவுக்குப் பாடிக் காட்டு" என்று இப்படிப்பட்ட பிள்ளையை முன்னால் தள்ளாதீர்கள். அதே சமயம் கூச்சப்படுகிறாள் என்று வீட்டுக்குள்ளேயே வைத்திருக்கவும் கூடாது. கூட்டிப் போங்கள், பக்கத்தில் இருங்கள், அவளுக்கு வேண்டிய நேரத்தைக் கொடுங்கள்.

மூத்த பிள்ளை பொறுப்பாகவும் கடைக்குட்டி விளையாட்டாகவும் இருப்பது இயற்கைதானே?

அப்படித்தான் எல்லாரும் நினைக்கிறோம். 2015ல் அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி மூன்று நாடுகளிலும் சேர்த்து 20,000க்கும் அதிகமானவர்களின் விவரத்தைப் பார்த்தார்கள். பிறந்த வரிசைக்கும் குணத்துக்கும் சொல்லிக்கொள்ளும்படி எந்தத் தொடர்பும் இல்லை. மூத்தவள் பொறுப்பாகத் தெரிவதற்கு ஒரு காரணம், தம்பியைப் பார்த்துக்கொள்ளும் வேலையை அவளிடம் நாம் கொடுத்திருப்பது. கொஞ்சம் கடைக்குட்டிக்கும் கொடுத்துப் பாருங்கள்.

மூன்று வயதுக்குள் எல்லாம் முடிந்துவிடும், அதற்குப் பிறகு ஒன்றும் செய்ய முடியாது என்கிறார்களே?

பாதி உண்மை. மூளை மிக வேகமாக வளர்வது முதல் சில ஆண்டுகளில்தான். அந்தக் காலத்தில் பிள்ளைக்கு என்ன கிடைக்காமல் போனால் என்ன ஆகும் என்பது ருமேனியாவில் தெரிந்தது. 1989ல் அங்கே ஆட்சி கவிழ்ந்தபோது ஆயிரக்கணக்கான குழந்தைகள் அரசு இல்லங்களில் கிடந்தார்கள். சாப்பாடு கிடைத்தது, கட்டில் இருந்தது, ஆனால் ஷிப்டுக்கு ஷிப்டு ஆள் மாறியது. என் ஆள் இவர் என்று பிடித்துக்கொள்ள அந்தக் குழந்தைகளுக்கு யாரும் இல்லை. 2000ல் புக்காரெஸ்டில் 136 குழந்தைகளை எடுத்து, பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்து, தொடர்ந்து கவனித்தார்கள். குடும்பத்துக்குப் போன பிள்ளைகள் அறிவு வளர்ச்சியிலும் பிறரோடு ஒட்டுவதிலும் தேறினார்கள். இரண்டு வயதுக்கு முன்பே போனவர்கள் அதிகம் தேறினார்கள்.

ஆகவே சீக்கிரம் கிடைப்பது நல்லது. ஆனால் மூளை இருபது வயதைத் தாண்டியும் மாறிக்கொண்டுதான் இருக்கிறது. ஏழு வயதுப் பேரனைப் புதிதாகப் பொறுப்பேற்றிருக்கும் பாட்டி ஒருவர், "லேட்டாயிடுச்சா டீச்சர்?" என்று கேட்டார். ஆகவில்லை பாட்டி. கொஞ்சம் கூடுதலாகப் பாடுபட வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

நானும் கணவரும் ஷிப்டு வேலை. பிள்ளையை வேறு ஆளிடம் விடுவது பாவமா?

நம் பாட்டிமார் விடியுமுன் தோட்டத்தில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்குப் போனவர்கள். தூங்குகிற பிள்ளையைத் தூக்கி ஆயாக்கொட்டகையில் படுக்கவைத்துவிட்டுத்தான் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போனார்கள். அம்மா வேலைக்குப் போவது நம் சனங்களுக்குப் புதிதே இல்லை.

அமெரிக்காவில் 1991ல் தொடங்கி 1,300க்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து பின்தொடர்ந்த பெரிய ஆய்வு ஒன்று உண்டு. பகலில் யார் பார்த்துக்கொண்டார்கள் என்பதைவிட, வீட்டில் பெற்றோர் பிள்ளையோடு எப்படி இருந்தார்கள் என்பதே வளர்ச்சியோடு அதிகம் தொடர்புடையதாக இருந்தது. பார்த்துக்கொள்பவரின் தரமும் முக்கியம். அதனால் விடுகிற இடத்தைப் பாருங்கள். ஒருவர் தலையில் எத்தனை பிள்ளைகள்? அழுதால் தூக்குகிறாரா? மாதத்துக்கு மாதம் ஆள் மாறுகிறதா? நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நான்கு பேரோ அதற்கு மேலோ இருக்கும் இடம் 1984ஆம் ஆண்டுச் சட்டப்படி சமூக நல இலாகாவில் பதிந்திருக்க வேண்டும். கூச்சப்படாமல் கேளுங்கள்.

இரவு ஷிப்டு முடிந்து வரும் அம்மா உடனே பிள்ளையோடு விளையாடியே ஆகவேண்டும் என்றில்லை. தூங்கி எழுந்து, குளிப்பாட்டும் அரைமணி நேரத்தை முழுசாகக் கொடுத்தால் அதுவே பெரிது.

போன் கொடுத்தால்தான் சாப்பிடுகிறான். என்ன செய்வது?

உலகச் சுகாதார நிறுவனம் 2019ல் சொன்னது இது: ஒரு வயதில் திரை வேண்டவே வேண்டாம், இரண்டிலிருந்து நான்கு வயது வரை ஒரு நாளில் ஒரு மணி நேரத்தைத் தாண்டக்கூடாது, அதற்குக் குறைந்தால் இன்னும் நல்லது. மூன்று, நான்கு வயதுப் பிள்ளைக்கு 10லிருந்து 13 மணி நேரம் தூக்கம் வேண்டும் என்பதும் அதே அறிவுரையில் இருக்கிறது. போன் பெரும்பாலும் திருடுவது அந்தத் தூக்கத்தைத்தான்.

என் பக்கத்து வீட்டுப் பாட்டி ஐந்தடியில் (வாசல் நடையில்) உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருப்பார். பேரனுக்கு இரண்டு வயது.

"பாட்டி, இது?"

"நெத்திலி. இதுக்குக் கண்ணு எங்க இருக்கு?"

பையன் தேடித் தொடுவான்.

"ஆங், அங்கதான். தலையக் கிள்ளிப் போடுவமா?"

அவன் கிள்ளுவான், பாதி மீன் போய்விடும். பாட்டி சிரித்துவிட்டு அடுத்ததைக் கொடுப்பார். பிள்ளை ஒன்று சொல்ல, பெரியவர் அதற்குப் பதில் சொல்ல, அதைக் கேட்டுப் பிள்ளை மறுபடி ஒன்று சொல்ல... மொழியும் அறிவும் இப்படி மாறி மாறிப் பேசுவதில்தான் வளர்கின்றன. போன் பேசும், ஆனால் பிள்ளை சொன்னதற்குப் பதிலாகப் பேசாது. சாப்பாட்டு நேரத்தில் மட்டுமாவது முதலில் நிறுத்துங்கள். சில நாள் குறைவாகச் சாப்பிடுவான், அழுவான். பசித்தால் சாப்பிடுவான்.

தமிழ், மலாய், இங்கிலீஷ் எல்லாம் பேசினால் பிள்ளை குழம்பிப் பேச்சு தாமதமாகுமா?

ஆகாது. ஒன்றுக்கு மேற்பட்ட மொழி கேட்பதால் பேச்சுத் தாமதம் வருவதில்லை. பிள்ளைக்கு எத்தனை சொல் தெரியும் என்று எண்ணும்போது எல்லா மொழிச் சொற்களையும் சேர்த்து எண்ண வேண்டும். மலாயில் "ஆயர்" என்றாலும் தமிழில் "தண்ணி" என்றாலும் கணக்கில் வரும். எனக்குக் கவலை தருவது வேறொன்று. இங்கிலீஷ் வரட்டும் என்று, தங்களுக்கே சரளமாக வராத மொழியில் நாலே நாலு வாக்கியத்தைத் திரும்பத் திரும்பப் பிள்ளையிடம் பேசுகிற வீடுகள் இருக்கின்றன. கோபம், கொஞ்சல், கதை, கிண்டல் எல்லாம் உங்களுக்கு எந்த மொழியில் வருகிறதோ அதில் பேசுங்கள். நம் வீடுகளில் பெரும்பாலும் அது தமிழ்தான்.

அடியாத மாடு படியாது என்பார்கள். எங்களை ரோத்தானால் (பிரம்பால்) அடித்துத்தானே வளர்த்தார்கள்?

நம்மை அடித்தவர்கள் நம்மேல் பாசம் இல்லாமல் அடிக்கவில்லை. அது எனக்குத் தெரியும். ஆனாலும் அடிக்க வேண்டாம் என்றே சொல்வேன். பிள்ளைகளைக் கையால் அடிப்பதைப் பற்றி 50 ஆண்டுகளில் வந்த 75 ஆய்வுகளை, 1,60,000 பிள்ளைகளுக்கு மேற்பட்டவர்களின் விவரத்தோடு, 2016ல் சேர்த்துப் பார்த்தார்கள். அடி வாங்கிய பிள்ளைகளிடம் முரட்டுத்தனமும் மனக்கஷ்டமும் கூடுதலாக இருந்தன, பெற்றோரோடு உறவு மோசமாக இருந்தது. அடியால் மட்டுமே இதெல்லாம் வந்தது என்று இப்படிப்பட்ட கணக்கால் நிரூபிக்க முடியாது. ஆனால் அடி நல்லது செய்தது என்பதற்கு அந்த மலைபோன்ற விவரத்தில் ஆதாரம் கிடைக்கவில்லை. ரோத்தான் இதைவிடக் கடுமையானது.

அப்புறம், அடிக்காமல் வளர்ப்பது என்றால் கேட்டதெல்லாம் கொடுப்பது இல்லை. டயானா பாம்ரிண்ட் என்ற உளவியலாளர் 1960களில் வளர்ப்பு முறைகளைப் பிரித்துப் பார்த்தார். பாசமும் வேண்டும், கண்டிப்பும் வேண்டும், ஏன் கூடாது என்ற விளக்கமும் வேண்டும். மூன்றும் இருந்த வீட்டுப் பிள்ளைகளே தன்னம்பிக்கையும் பொறுப்பும் உள்ளவர்களாக இருந்தார்கள். பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் பொம்மைக்காகத் தரையில் புரளும் பிள்ளையிடம், "வாங்கித் தரமாட்டேன். அழுது முடி, நான் பக்கத்துலயே நிக்கிறேன்" என்று சொல்லி நிற்பது, அறைவதைவிடக் கஷ்டமான வேலை. சுற்றி எல்லாரும் பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

பொறுமையே இல்லை. பொறுமை சொல்லிக் கொடுக்க முடியுமா?

1960களின் கடைசியில் வால்டர் மிஷெல் ஸ்டான்போர்டில் நடத்திய சோதனையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஒரு மிட்டாயை முன்னால் வைத்து, தின்னாமல் காத்திருந்தால் இரண்டு தருவதாகச் சொல்வார்கள். காத்திருந்த பிள்ளைகள் பின்னாளில் நன்றாக வந்தார்கள் என்று பெரிதாகப் பேசப்பட்டது. 2018ல் 900க்கும் மேற்பட்ட பிள்ளைகளின் விவரத்தை வைத்துப் பார்த்தபோது, குடும்ப நிலையையும் கணக்கில் சேர்த்ததும் அந்தத் தொடர்பு மிகவும் குறைந்துபோனது.

எனக்கு முக்கியமாகப் படுவது 2013ல் நடந்த சின்னச் சோதனை. முதலில் ஒரு பெரியவர், நல்ல வண்ணப் பென்சில் கொண்டு வருகிறேன் என்று பிள்ளைகளிடம் சொன்னார். பாதிப் பிள்ளைகளுக்குச் சொன்னபடி கொண்டு வந்தார். மீதிப் பேரிடம், இல்லை, மன்னித்துக்கொள் என்று வெறுங்கையோடு வந்தார். அதற்குப் பிறகுதான் மிட்டாய். சொல் காப்பாற்றப்பட்ட பிள்ளைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாந்த பிள்ளைகள் 3 நிமிடம்.

"சம்பளம் போட்டதும் சைக்கிள்", "நாளைக்குக் கண்டிப்பா ஈப்போ போவோம்" என்று நாம் வாய்க்கு வந்தபடி சொல்வதை நினைத்துப் பாருங்கள். சொல் தவறும் வீட்டில் கையில் கிடைத்ததை உடனே தின்பதுதான் பிள்ளைக்குப் புத்திசாலித்தனம். முடியாததைச் சொல்லாதீர்கள். சொன்னால், சின்னதாக இருந்தாலும் செய்துவிடுங்கள்.

சாப்பாட்டுக்கும் குணத்துக்கும் சம்பந்தம் உண்டா?

நிறைய. இரும்புச் சத்துக் குறைந்த பிள்ளை சோர்ந்திருக்கும், எரிச்சல்படும், கவனம் நிற்காது. அதைச் சோம்பேறித்தனம் என்று திட்டுகிறோம். மலேசியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 100க்கு 21.8 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் என்று 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு சொன்னது. ஐந்தில் ஒருவர். முட்டை, நெத்திலி, முருங்கைக்கீரை, ஈரல் எல்லாம் நமக்குக் கிடைக்காத பொருளா? சாப்பாட்டோடு தே ஓ (பால் சேர்க்காத தேநீர்) கொடுக்காதீர்கள், இரும்புச் சத்து உடம்பில் சேர்வதை அது தடுக்கும். டின்னில் வரும் இனிப்புக் கிரீமர் பால் இல்லை, அதில் பெரும்பகுதி சர்க்கரையும் செம்பனை எண்ணெயும். கைக்குழந்தைக்கு அதைக் கலக்கி ஊற்றவே கூடாது.

வீட்டில் குடி, சண்டை. பிள்ளையும் அப்படித்தான் ஆவானா?

இதை யாரும் வாசலில் உரக்கக் கேட்பதில்லை. எல்லாரும் போன பிறகு தனியாக வந்து கேட்பார்கள். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

ஹவாயில் காவாய் என்று ஒரு தீவு. கரும்புத் தோட்டமும் அன்னாசித் தோட்டமும் நிறைந்த இடம். பல நாடுகளிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் அங்கே வளர்ந்தார்கள், நம் கதை மாதிரியே. 1955ல் அந்தத் தீவில் பிறந்த 698 பிள்ளைகள் அத்தனை பேரையும் எம்மி வெர்னர் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் நாற்பது வயது வரை பின்தொடர்ந்தார்கள். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குப் பிள்ளைகளுக்கு ஆரம்பமே மோசம்: வறுமை, பிரசவத்தில் சிக்கல், ஓயாத சண்டை, குடி, பெற்றோருக்கு மனநோய்.

இரண்டு வயதுக்குள் இப்படி நான்கோ அதற்கு மேலோ சேர்ந்துவிட்ட பிள்ளைகளில் மூன்றில் இரண்டு பங்கினர் பின்னால் சிரமப்பட்டார்கள். அதை மறைக்க முடியாது. ஆனால் மூன்றில் ஒரு பங்கினர் நன்றாகப் படித்து, வேலைக்குப் போய், அன்பான மனிதர்களாக வளர்ந்தார்கள். இவர்களிடம் மட்டும் என்ன இருந்தது? பிறவியிலேயே சிரித்துப் பழகும் சுபாவம் பலருக்கு இருந்தது. அதோடு, எந்தக் கலவரத்திலும் தங்களை விட்டுப் போகாத ஒரு பெரியவரோடு அவர்களுக்கு நெருக்கம் இருந்தது. அது அம்மா அப்பாவாக இருந்தே ஆகவேண்டியதில்லை. பாட்டி, அத்தை, மாமா, அக்கா, பக்கத்து வீட்டுக்காரர், ஓர் ஆசிரியர். பிள்ளையை அப்படியே ஏற்றுக்கொண்டு, இன்றும் நாளையும் அடுத்த வருடமும் இருந்த ஓர் ஆள். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: இளவயதில் தடுமாறியவர்களிலும் பலர் முப்பது, நாற்பது வயதுக்குள் திருந்தி நிமிர்ந்தார்கள். மறுபடி படிக்கப் போனது, நல்ல துணை அமைந்தது, ஒரு சமூகத்தோடு சேர்ந்தது போன்றவை அவர்களுக்குக் கைகொடுத்தன.

எங்கள் ஊரில் சம்சு என்ற மலிவுச் சாராயம் எத்தனை வீட்டைக் குலைத்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். அந்த வீடுகளிலிருந்து தாதியாகவும் பொறியியலாளராகவும் வந்தவர்களையும் தெரியும். அவர்களோடு பேசினால், "எங்க சின்னம்மா மட்டும் இல்லன்னா..." என்றுதான் தொடங்குவார்கள். உங்கள் வீட்டில் இன்று அமைதி இல்லையென்றால், பிள்ளைக்கு அந்த ஆள் யார் என்று முதலில் யோசியுங்கள். யாரும் இல்லையென்றால் தேடி அமைத்துக் கொடுங்கள். அடி, உயிர்ப்பயம் என்ற அளவுக்குப் போனால் தாலியான் காசே என்ற அரசாங்க உதவிச் சேவையின் 15999 என்ற எண்ணை அழையுங்கள், இரவானாலும் எடுப்பார்கள்.

தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) வளர்ந்த பிள்ளைகள் உறுதியாக இருந்தார்கள். டாமானுக்கு (வீடமைப்புப் பகுதிக்கு) வந்த பிறகுதான் கெட்டுப்போகிறார்கள் என்கிறார்களே?

லயத்தை நான் கொண்டாடமாட்டேன். ஒழுகும் கூரையும் பொதுக் குழாயும், அரைகுறைப் படிப்போடு நின்றுபோனவர்களும் அங்கே இருந்தார்கள். ஆனால் ஒன்று இருந்தது. ஒரு பிள்ளையின் மேல் இருபது வீட்டுக் கண் இருந்தது. ஆயாக்கொட்டகை ஆயம்மா, கோயில் பூசாரி, பந்து சொல்லிக்கொடுத்த அண்ணன், கடைக்காரர் எல்லாரும் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அப்பன் குடித்துவிட்டு வந்தால் பக்கத்து வீட்டில் போய்ப் படுத்துக்கொள்ளலாம். தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறியும் மக்கள் அடுக்குமாடிக்கும் டாமானுக்கும் சிதறியபோது, வீடு நல்லதாக அமைந்தது, இந்த ஆட்கள் போய்விட்டார்கள். ஆறாவது மாடியில் கதவைச் சாத்தினால் சத்தம்கூட வெளியே வராது.

அதனால் நான் ஒவ்வொரு வீட்டிலும் கேட்பது இது: உங்கள் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் பெரியவர்கள், உங்களைத் தவிர, எத்தனை பேர்? கோயிலில் தேவார வகுப்பு, காற்பந்து, சிலம்பம், வாரம் ஒரு முறை பெரியப்பா வீடு என்று எதிலாவது சேர்த்துவிடுங்கள். தேவாரம் எத்தனை பாட்டு மனப்பாடம் ஆனது என்பதைவிட, சொல்லிக்கொடுப்பவர் பிள்ளையின் முகம் வாடினால் கவனிக்கிறவரா என்பதைப் பாருங்கள். நம்பிக்கையான ஆளா என்று பார்ப்பதும் பெற்றோரின் வேலைதான்.

இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் மாறிவிட்டான். கூட்டாளிகள் கெடுத்துவிட்டார்களா?

சின்னத் தமிழ்ப்பள்ளியில் எல்லாருக்கும் தெரிந்த பிள்ளையாக இருந்துவிட்டு, படிவம் 1ல் பெரிய பள்ளியில் ஆயிரத்தில் ஒருவனாக, வேறு மொழியில் படிக்கிறான். யாராவது "வா மச்சான்" என்றால் ஒட்டிக்கொள்ளத்தான் தோன்றும். கூட்டாளிகள் பார்த்துக்கொண்டிருந்தால் பதின்ம வயதினர் துணிந்து ஆபத்தில் இறங்குகிறார்கள், தனியாக இருக்கும்போது அவ்வளவு இல்லை என்பதைச் சோதனைகளும் காட்டியிருக்கின்றன. கூட்டாளிகளைத் திட்டினால் அவன் அவர்கள் பக்கம்தான் நிற்பான். வீட்டுக்குக் கூப்பிட்டுச் சோறு போடுங்கள். யார், எந்த வீட்டுப் பிள்ளை என்று உங்களுக்கும் தெரிந்துவிடும்.

எப்போது டாக்டரிடம் காட்ட வேண்டும்?

ஒரு வயதாகியும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, விரலால் எதையும் சுட்டிக் காட்டவில்லை. ஒன்றரை வயதாகியும் ஒரு சொல்கூட வரவில்லை. இரண்டு வயதாகியும் இரண்டு சொல்லைச் சேர்த்துச் சொல்லவில்லை. பேசிக்கொண்டிருந்த பிள்ளை பேச்சை விட்டுவிட்டது. இதில் எது இருந்தாலும் காத்திருக்காதீர்கள். "ஆம்பளப் புள்ள லேட்டாத்தான் பேசும்" என்று சொல்லிச் சொல்லியே இரண்டு வருடம் போய்விடுகிறது. முதலில் காது கேட்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அரசாங்கக் கிளினிக்கில் தரும் பிள்ளையின் சுகாதாரப் புத்தகத்திலேயே ஆட்டிசத்துக்கான கேள்விப் பட்டியல் இருக்கிறது. ஒன்றரை வயதிலும் மூன்று வயதிலும் அதைக் கேட்டு நிரப்ப வேண்டும். பலர் தடுப்பூசி முடிந்ததும் புத்தகத்தை அலமாரியில் போட்டுவிடுகிறார்கள். ஆட்டிசம் என்று வந்தால், அம்மா பிள்ளையைச் சரியாகக் கொஞ்சவில்லை, அதனால் வந்தது என்று மாமியார் வீட்டில் சொல்வார்கள். தவறு. அப்படி ஒரு கருத்து மேல்நாட்டில் டாக்டர்களிடமே ஒரு காலத்தில் இருந்தது, பிறகு அது பொய்யென்று கைவிடப்பட்டது. சீக்கிரம் தெரிந்தால் பேச்சுப் பயிற்சி, சிறப்புக் கல்வி வகுப்பு, சமூக நல இலாகாவின் பதிவு எல்லாம் சீக்கிரம் கிடைக்கும்.

போகும்போது அந்தப் புத்தகத்தை எடுத்துப் போங்கள். வீட்டில் பிள்ளை விளையாடுவதையும், கூப்பிட்டால் எப்படித் திரும்புகிறது என்பதையும் போனில் இரண்டு நிமிடம் பிடித்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். டாக்டர் அறையில் பல பிள்ளைகள் அழுவதைத் தவிர வேறொன்றும் செய்யாது.